ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன்: முதல் பத்துத் தளங்களை உயிரோடு தாண்டுவது எப்படி

ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன் என்பது ஒரு நிலவறையில் தளம் தளமாகக் கீழே இறங்கிச் சண்டை போடும் கேம். என் தம்பி இதைத் தொடங்கிய முதல் வாரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் தளத்தில் சாவான், இல்லையென்றால் மூன்றாம் தளத்தில். செத்த பிறகு பையைத் திறந்து பார்த்தால் பெயர் தெரியாத நான்கு போஷன் (மந்திர மருந்து), படிக்காத இரண்டு ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்), பாதிக்கு மேல் நிரம்பிய தண்ணீர்க்குடுவை எல்லாம் அப்படியே இருக்கும். "அண்ணா, இந்த கேம்ல அதிர்ஷ்டம் இருந்தாதான் பிழைக்க முடியும்போல" என்றான். அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கு உண்டுதான், ஆனால் முதல் பத்துத் தளங்களில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. நிறுவும் முன் தெரிந்திருக்க வேண்டியது

ஆண்ட்ராய்டில் இலவசம். கூகுள் ப்ளேயிலும் எஃப்-டிராய்டிலும் கிடைக்கும், மூலநிரல் கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. ஐஃபோனிலும் ஸ்டீமிலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். விளையாட இணையம் தேவையில்லை.

திறந்த மூலம் என்பதால் "பிக்சல் டஞ்சன்" என்ற பெயரோடு வேறு பல கிளைகளும் உலவுகின்றன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் உள்ளே விதிகள் மாறும். நான் சொல்லப்போகும் எண்களும் தந்திரங்களும் ஷேட்டர்டுக்கு மட்டுமே, அதனால் பெயரைச் சரிபார்த்து நிறுவுங்கள்.

இன்னொன்று. செத்தால் அந்த ஆட்டம் போனதுதான், பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாது. அடுத்த ஆட்டத்தில் தளங்களின் அமைப்பு, பொருள்கள், எந்த நிறம் எந்த போஷன் என்பது எல்லாமே மாறிவிடும். ஆகவே வரைபடத்தை மனப்பாடம் செய்து பயனில்லை, பழக்கங்களைத்தான் சேர்க்க முடியும்.

2. வாரியரோடு தொடங்குங்கள், பொத்தான்களை முதலிலேயே அடுக்குங்கள்

தொடக்கத்தில் வாரியர் மட்டும்தான் திறந்திருப்பார். மற்றவர்கள் திறந்த பிறகும் முதல் வெற்றி வரை இவரோடேயே இருங்கள் என்பேன். இரண்டு காரணம். ஒன்று, இவருக்கு ஹீலிங் போஷன் எது என்று ஆரம்பத்திலேயே தெரியும். குணமாக்கும் மருந்தைத் தேடிக் கண்ட போஷனையெல்லாம் குடித்துப் பார்க்கும் அவலம் இல்லை. இரண்டு, இவரிடம் உள்ள உடைந்த முத்திரையைக் கவசத்தில் ஒட்டிக்கொள்ளலாம். பின்னால் கவசத்தை மாற்றும்போது முத்திரை ஒரு அப்கிரேடையும் (பொருளின் பலத்தை ஒரு படி கூட்டும் மேம்பாடு) தன்னோடு கொண்டுவந்துவிடும். இதன் அருமை ஏழாம் பகுதியில் தெரியும்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் வேலை முத்திரையைக் கவசத்தில் ஒட்டுவது. அடுத்து கீழே உள்ள விரைவுப் பொத்தான்களில் எறிகற்களையும் தண்ணீர்க்குடுவையையும் வையுங்கள். ஹீலிங் போஷன் கிடைத்த உடனே அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். இது டர்ன் (முறை) கணக்கில் ஓடும் கேம், நீங்கள் யோசிக்கும் நேரத்துக்கு எதுவும் நகராது. ஆனாலும் பதற்றத்தில் கண்ணுக்கு எதிரே இருப்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். பைக்குள் ஒளிந்திருக்கும் மருந்து கையில் இல்லாததற்குச் சமம்.

பூதக்கண்ணாடிப் பொத்தானை ஒருமுறை தட்டி ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டால் அங்கே இருப்பது என்ன என்று விளக்கம் வரும், இதற்கு டர்ன் செலவாகாது. புதிதாக எந்த உயிரினத்தைப் பார்த்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். பூதக்கண்ணாடியை இரண்டு முறை தட்டினால் சுற்றிலும் மறைந்திருக்கும் கதவையும் பொறியையும் தேடும். அது டர்னையும் எடுக்கும், பசியையும் கூட்டும், அதனால் தேவைப்படும்போது மட்டும்.

3. ஒரு தளத்தை எந்த வரிசையில் முடிப்பது

இறங்கும் படிக்கட்டைப் பார்த்த உடனே இறங்கிவிடாதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். அப்கிரேடு ஸ்க்ரோல்கள் ஐந்து தளங்களுக்கு மூன்று, வலிமை போஷன்கள் ஐந்து தளங்களுக்கு இரண்டு என்று எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அறையைப் பார்க்காமல் விட்டால் அந்த மூன்றில் ஒன்று அங்கேயே கிடக்கலாம், பின்னால் அதை ஈடுகட்ட வழியில்லை.

நான் செய்யும் வரிசை இது. முதலில் எல்லா அறைகளையும் சுற்றி வருவேன், பூட்டியதையும் ஆபத்தானதையும் தொடாமல் நினைவில் மட்டும் வைத்துக்கொள்வேன். சுற்றி முடிந்த பிறகு சாவிகளை எடுத்துப் போய்ப் பூட்டுகளைத் திறப்பேன். அதற்குப் பிறகுதான் பெயர் தெரியாத போஷன்களைப் பற்றிய முடிவு. கடைசியில் படிக்கட்டு. பூட்டுக்கான சாவி அதே தளத்தில்தான் இருக்கும். சாவி கிடைக்கவில்லை, அல்லது வரைபடத்தில் ஒரு பெரிய வெற்றிடம் தெரிகிறது என்றால் அப்போது மறைகதவைத் தேடுங்கள். முட்டி நிற்கும் பாதையின் முனையில் தேடினால் பலன் அதிகம்.

உயரமான புல்லை மிதித்துக்கொண்டே நடங்கள். பனித்துளிகளும் விதைகளும் அதிலிருந்துதான் வரும். துளிகள் குடுவையில் சேரும், இருபது துளியில் நிரம்பும், ஒரு துளி உங்கள் முழு ஹெச்பியில் (உயிர்ப்புள்ளிகளில்) ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைக் கொடுக்கும். நிரம்பிய குடுவை என்பது ஏறக்குறைய ஒரு ஹீலிங் போஷன். அதைப் "பின்னால் உதவும்" என்று தூக்கிக்கொண்டே திரிந்து செத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குடுவை நிரம்பிய பிறகு கிடைக்கும் துளிகளைச் சேர்க்க இடமில்லை, அதனால் அடிபட்டிருந்தால் குடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

கண்ணுக்குத் தெரியும் பொறி வழியை அடைத்தால் ஒரு கல்லை அதன்மேல் எறியுங்கள். தூரத்தில் நிற்கும்போதே பொறி வெடித்து முடிந்துவிடும்.

4. கதவு

இந்த ஒரு பகுதியை மட்டும் பழகிக்கொண்டால்கூட உங்கள் ஆட்டம் மாறிவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்களைக் கவனிக்காத எதிரியை அடித்தால் அந்த அடி தவறவே தவறாது. தூங்கும் எதிரிக்கும் இது பொருந்தும், அப்போதுதான் உங்களைப் பார்க்கும் எதிரிக்கும் பொருந்தும். மூடிய கதவு பார்வையை மறைக்கும். இந்த இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் கதவுத் தந்திரம்.

முதல் தளத்திலேயே ஒரு பாம்பு வரும். அதற்கு நான்கே நான்கு ஹெச்பி, ஆனால் நேருக்கு நேர் நின்று வெட்டினால் பத்து வெட்டில் ஒன்றிரண்டு பட்டாலே பெரிது, வழுக்கிக்கொண்டே போகும். தம்பி அதோடு மல்லுக்கட்டிப் பாதி ஹெச்பியை இழந்தான். "திரும்பி அந்தக் கதவு வழியா வெளியே போ" என்றேன். போனான். "இன்னும் ஒரு கட்டம் தள்ளிப் போய் நில்லு, கதவு மூடணும்." கதவு மூடியது. "இப்ப காத்திரு பொத்தானை ஒரு தடவை தட்டு." தட்டினான், ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை தட்டினான், கதவு திறந்து வாசலில் பாம்பு நின்றது. "அடி." ஒரே அடியில் பாம்பு காலி.

படிகளாகச் சொன்னால்: எதிரி உங்களைப் பார்த்துத் துரத்துகிறது, நீங்கள் கதவைத் தாண்டுகிறீர்கள், வாசலை ஒட்டிய கட்டத்தில் நிற்கிறீர்கள், கதவு மூடுகிறது, ஒவ்வொரு டர்னாகக் காத்திருக்கிறீர்கள், எதிரி வாசலில் கால் வைத்ததும் அடிக்கிறீர்கள். ஒரே டர்னாகத் தட்டுவது முக்கியம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நீண்ட ஓய்வில் போய்விடும், தந்திரத்துக்கான பிடி நழுவிவிடும்.

முதல் அடியில் சாகவில்லையென்றால் பின்வாங்கி வேறொரு கதவில் மறுபடி செய்யலாம். ஆனால் நண்டிடம் மட்டும் இந்த ஓட்டம் பலிக்காது. மூன்றாம் தளத்திலிருந்து வரும் நண்டு உங்களைவிட இரண்டு மடங்கு வேகமாக நகரும், நீங்கள் ஓரடி வைப்பதற்குள் அது இரண்டடி வைத்துவிடும். நண்டைத் தூரத்தில் பார்த்த உடனேயே பக்கத்தில் கதவு இருந்தால் அதன் பின்னால் போய்விடுங்கள், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே சண்டை போடுங்கள். ஓடினால் முதுகில்தான் அடி விழும்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்தாலும் இதே கதவு அல்லது ஒற்றைப் பாதைதான் கதி. திறந்த அறையின் நடுவில் நின்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள், வாசலில் ஒருவர்தான் அடிக்க முடியும். தூரத்திலிருந்து தாக்கும் எதிரி என்றால் அதை நோக்கி ஓடாமல் சுவர் மூலைக்குப் பின்னால் மறையுங்கள். அது பார்வைக்காக நெருங்கி வந்தே ஆக வேண்டும்.

5. பெயர் தெரியாத போஷன், ஸ்க்ரோல்

பன்னிரண்டு வகை போஷன், பன்னிரண்டு வகை ஸ்க்ரோல். இவற்றைத் தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போடுவதும் தவறு, கிடைத்த இடத்தில் நின்று திறப்பதும் தவறு.

ஸ்க்ரோலை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிது. பொருளை அடையாளம் காட்டும் ஐடென்டிஃபை எது என்று தொடக்கத்திலேயே உங்களுக்குத் தெரியும். மீதியில் அதிகமாகக் கிடைக்கும் வகை அநேகமாக அப்கிரேடாகத்தான் இருக்கும். ஆகவே ஒரே குறியீட்டில் இரண்டு சேர்ந்துவிட்டால் முதலில் அதைப் படியுங்கள். படிக்கும் முன் இரண்டு விஷயம்: ஹெச்பி முழுதாக இருக்க வேண்டும், பக்கத்தில் எதிரி இருக்கக் கூடாது. வாரியருக்கு ரேஜ் ஸ்க்ரோல் ஏற்கெனவே தெரியும் என்பதால் தளத்திலுள்ள அத்தனையும் உங்களை நோக்கி ஓடிவரும் விபத்து இவருக்கு வராது. பின்னால் வேறு வீரரோடு விளையாடும்போது தளத்தைச் சுத்தம் செய்த பிறகே படியுங்கள்.

போஷனில்தான் கவனம் வேண்டும். கெட்டவை நான்கு: லிக்விட் ஃப்ளேம் என்னும் தீ, டாக்ஸிக் கேஸ் என்னும் நச்சுப்புகை, பாராலிட்டிக் கேஸ் என்னும் முடக்கும் புகை, ஃப்ராஸ்ட் என்னும் உறைபனி. எதிரி இல்லாத இடத்தில் முடக்கமும் உறைபனியும் பெரும்பாலும் உயிரை எடுக்காது. தீயும் நச்சும் எடுக்கும்.

எனவே குடிக்கும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். நான் தேடும் இடம், கதவுக்கு இரண்டடி தூரத்தில் தண்ணீர் இருக்கும் அறை, சுற்றிலும் புல் இல்லாமல். தண்ணீரில் கால் வைத்தால் உடலில் பற்றிய தீ அணையும். புல்லில் நின்றால் அறையே எரியும். நச்சுப்புகை கிளம்பினால் கதவு வழியாக வெளியேறி ஒரு கட்டம் தள்ளிப் போக வேண்டும், கதவு மூடிக்கொள்ளும், மூடிய கதவைப் புகை தாண்டாது. எரியும்போது சில டர்ன்கள் அணைக்காமல் விட்டால் பையிலுள்ள ஸ்க்ரோல் எரிந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது, அதனால் போஷனைக் குடிக்கும் முன் கையிலுள்ள பெயர் தெரியாத ஸ்க்ரோல்களைப் படித்து முடித்துவிடுவேன். அதே அமைதியான நேரத்தில் இரண்டு வேலையும் முடிகிறது.

எல்லாப் போஷனையும் இப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

6. அடைபட்ட அறைகள்: விடை அதே தளத்தில் கிடக்கிறது

பலர் மாதக்கணக்கில் விளையாடியும் கவனிக்காத விஷயம் இது. சில அறைகளைக் குறிப்பிட்ட ஒரு போஷன் இல்லாமல் பாதுகாப்பாகத் தாண்ட முடியாது. அப்படி ஓர் அறை இருந்தால் அதற்கான போஷனை கேம் அதே தளத்தில் எங்காவது வைத்திருக்கும்.

வழியை மரத்தடுப்பு அடைத்திருந்தால் தேவை லிக்விட் ஃப்ளேம். அணையாத தீச்சுவர் என்றால் ஃப்ராஸ்ட். பிரானா மீன்கள் சுற்றும் குளத்துக்கு நடுவே புதையல் என்றால் இன்விசிபிலிட்டி (கண்ணுக்குத் தெரியாமை). நச்சுப்புகை நிறைந்த அறைக்கு ப்யூரிட்டி (சுத்திகரிப்பு). தரை முழுக்கப் பொறி, அல்லது பள்ளம் என்றால் லெவிடேஷன் (மிதத்தல்).

இதை எப்படிப் பயன்படுத்துவது? தளத்தை முழுக்கச் சுற்றி முடித்ததும் அங்கே கிடைத்த புதுப் போஷன்கள் எத்தனை என்று பாருங்கள். மரத்தடுப்பு இருக்கிறது, பெயர் தெரியாத போஷன் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால் அது தீதான். குடிக்காதீர்கள், தள்ளி நின்று தடுப்பின்மேல் எறியுங்கள். இரண்டு கிடைத்திருந்தால் இரண்டில் ஒன்று தீ, ஆக இரண்டையும் இந்தத் தளத்தில் வாயில் வைக்காதீர்கள். குளமோ பொறி அறையோ என்றால் குளக்கரையிலேயே, அறை வாசலிலேயே நின்று குடியுங்கள். கணிப்பு சரியாக இருந்தால் அடையாளமும் தெரிந்தது, புதையலும் கிடைத்தது. எங்கோ ஒரு மூலையில் குடித்துவிட்டு "அட, இன்விசிபிலிட்டி" என்று தெரிந்து குளத்துக்கு ஓடுவதற்குள் அதன் நேரம் முடிந்திருக்கும்.

மூன்றாம் பகுதியில் போஷன் முடிவைத் தளத்தின் கடைசிக்குத் தள்ளச் சொன்னதன் காரணம் இதுதான். பாதித் தளத்தில் குடித்துவிட்டால் இந்தத் துப்பு கைவிட்டுப் போய்விடும்.

ரசவாதப் பானை உள்ள அறை தென்பட்டால் விதைகளுக்கு நல்ல வேலை கிடைக்கும். மூன்று விதை போட்டால் ஒரு போஷன், மூன்றும் ஒரே விதை என்றால் அந்த விதைக்குரிய போஷன் உறுதி. சன்கிராஸ் விதை மூன்று சேர்ந்தால் ஹீலிங். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நட்டு அதன்மேல் நின்று குணமாகலாம்.

7. அப்கிரேடை எதில் போடுவது

ஒன்றில். வாளில் ஒன்று, கவசத்தில் ஒன்று, மோதிரத்தில் ஒன்று என்று பிரித்துப் போட்டால் எதுவுமே உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு வளராது, கீழே போகப்போக எதிரியின் அடி மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை கவசம். வாள் நன்றாக இருந்தால் சண்டை சீக்கிரம் முடியும், உண்மைதான், ஆனால் கவசம் நன்றாக இருந்தால் நீங்கள் செய்யும் தவறுகளை அது தாங்கும், ஆரம்பத்தில் தவறுகள்தான் அதிகம். முதல் அப்கிரேடை யோசிக்காமல் முத்திரை ஒட்டிய கவசத்தில் போடுங்கள், அது முத்திரையோடு அடுத்த கவசத்துக்கு வந்துவிடும். மீதியை நல்ல கவசம் ஒன்று கிடைக்கும்வரை வைத்திருக்கலாம், ஆனால் ஐந்தாம் தளத்தின் படிக்கட்டுக்கு முன் கையில் படிக்காத அப்கிரேடு இருக்கவே கூடாது. செத்தவனுக்கு நல்ல கவசம் எதற்கு?

வலிமை கணக்கையும் பாருங்கள். நீங்கள் பத்தில் தொடங்குகிறீர்கள். தோல் கவசம் பன்னிரண்டு கேட்கும், மெயில் பதினான்கு, ஸ்கேல் பதினாறு, ப்ளேட் பதினெட்டு. ஒன்றிரண்டு குறைந்தால் சமாளிக்கலாம். ஆறு, எட்டு குறைவாக இருக்கும் கவசத்தைப் போட்டால் நடை தளர்ந்து ஓர் எலியிடமிருந்துகூடத் தப்ப முடியாது. எடை கூடிய ஆயுதமும் அப்படித்தான், குறி தவறும், வீச்சு மெதுவாகும். அப்கிரேடு ஏற ஏறத் தேவைப்படும் வலிமை சற்றுக் குறையும். வலிமை போஷன் எது என்று தெரிந்த பிறகு கிடைத்த உடனே குடித்துவிடுங்கள், சேர்த்து வைப்பதில் எந்த லாபமும் இல்லை.

தரையில் கிடக்கும் அடையாளம் தெரியாத ஆயுதம், கவசம் சபிக்கப்பட்டதாக இருக்கலாம். மாட்டினால் கழற்ற முடியாது. சாபம் நீக்கும் ரிமூவ் கர்ஸ் ஸ்க்ரோல் கையில் இருந்தால் தயங்காமல் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஆறாம் தளத்துக் கடையில் அது விற்கும், அதுவரை பையில் இருக்கட்டும்.

8. பசி, ஓய்வு

முழு வயிற்றிலிருந்து 300 டர்னில் பசி, 450 டர்னில் பட்டினி. ஓய்வில் ஒரு ஹெச்பி ஏறப் பத்து டர்ன் ஆகும். ஐந்து ஹெச்பியிலிருந்து இருபதுக்கு வர 150 டர்ன், அதாவது ஒரு முழு உணவில் பாதி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது ஓய்வெடுப்பது என்று தானாகப் புரியும். சண்டைக்குச் சண்டை முழு ஹெச்பிக்குப் படுத்துக் கிடந்தால் சாப்பாடு தீரும், சுற்றித் திரியும் புது எதிரிகளும் வருவார்கள்.

சரி, அந்த எதிரிகளைக் கொன்றே லெவல் ஏற்றிவிடலாமே என்றால் முடியாது. நீங்கள் வளர்ந்த பிறகு சிறிய எதிரிகள் அனுபவம் தருவதை நிறுத்திவிடுவார்கள். எலியிடம் ஐந்தாம் லெவலுக்கு மேல் எதுவும் கிடைக்காது.

பசிக்குறி வந்த பிறகே சாப்பிடுங்கள். ஒரு ரேஷன் 300 டர்ன் கொடுக்கும், முன்பே சாப்பிட்டால் மிச்சம் வீண். வாரியருக்கு ஹார்ட்டி மீல் என்ற திறமையில் புள்ளி போட்டால் அடிபட்ட நிலையில் சாப்பிடும்போது கொஞ்சம் குணமும் ஆகும். தொடக்கத்தில் அதில்தான் நான் போடுவேன்.

9. சோக ஆவி

இரண்டு முதல் நான்காம் தளத்துக்குள் ஓர் ஆவி நின்றுகொண்டிருக்கும். அதன் வேலையை முடித்தால் ஓர் ஆயுதம் அல்லது ஒரு கவசம், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கவசம் எடுங்கள்.

எந்தத் தளம் என்பதைப் பொறுத்து எதிரி மாறும். இரண்டில் அழுகல் எலி, அதைச் சுற்றி எழும் நாற்றப்புகை உங்களை முடக்கும், ஆகவே தூரத்திலிருந்தே கல்லெறிந்து பாதி வேலையை முடியுங்கள். மூன்றாம் தளத்தில் நால் ட்ரிக்ஸ்டர் (Gnoll இனத் தந்திரக்காரன்), தூரத்திலிருந்து சிற்றம்பு எறிந்துகொண்டே இருப்பான், மூலைக்குப் பின்னால் மறைந்து அவனை நெருங்க வையுங்கள். நான்கில் பெரிய நண்டு. அது பார்க்கும் அடியையெல்லாம் தடுத்துவிடும், பார்க்காத அடிதான் படும். கதவுத் தந்திரம் பழகியவருக்கு இது எளிது, பழகாதவருக்கு முடியவே முடியாது.

10. ஐந்தாம் தளம்: கூ

இறங்கும் முன் நான்காம் தளத்தில் நின்று பாருங்கள். ஹெச்பி முழுதாக, குடுவை நிரம்பி, அப்கிரேடெல்லாம் படித்தாகிவிட்டதா? பசிக்குறி வரப்போகிறது என்றால் அது வரும்வரை காத்திருந்து சாப்பிட்டுவிட்டே இறங்குங்கள்.

கூ என்பது 100 ஹெச்பி உள்ள கறுப்புக் கூழ் உருண்டை. சாதாரண அடி பெரிதல்ல. ஆபத்து அது உடலை ஊதிப் பெருக்கும்போது. ஊதுகிறது என்ற செய்தி வந்த டர்னில் இன்னும் ஒரு அடி கொடுக்கலாமே என்று ஆசை வரும், அந்த ஆசையில்தான் பலர் செத்தார்கள். ஊதிய பிறகு விழும் அடி மூன்று மடங்கு, இரண்டு கட்டம் தூரம் வரை எட்டும். செய்தியைப் பார்த்த உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று கட்டம் விலகுங்கள், அல்லது தூணுக்குப் பின்னால் போங்கள். அந்த அடி வீணான பிறகு திரும்பி வந்து அடியுங்கள்.

தண்ணீரைக் கவனியுங்கள். கூ தண்ணீரில் நின்றால் அதற்கு ஹெச்பி ஏறும், ஆகவே காய்ந்த தரைக்கு இழுத்து வந்து சண்டை போடுங்கள். ஆனால் அதன் அமிலக்கூழ் உங்கள்மேல் ஒட்டினால் தொடர்ந்து அரிக்கும், அது கழுவப்பட நீங்கள் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். அதனால் தண்ணீரின் ஓரத்தில், அது தரையிலும் நீங்கள் ஓரடியில் தண்ணீரைத் தொடும் தூரத்திலும் இருப்பதே சரியான இடம். லிக்விட் ஃப்ளேம் தெரிந்திருந்தால் கூ தரையில் நிற்கும்போது எறியுங்கள். பாதி ஹெச்பிக்குக் கீழே போனதும் அது வெறிகொள்ளும், அப்போது குடுவையைக் குடிக்கத் தயங்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு ஹெச்பியில் குடிப்பது மருத்துவம், இரண்டு ஹெச்பியில் குடிப்பது சூதாட்டம்.

11. கடை, சிறை, டெங்கூ

ஆறாம் தளத்தில் கடை. தங்கத்துக்கு வாங்குவதைத் தவிர இங்கே வேறு வேலை இல்லை, ஆகவே சேமிக்காதீர்கள். ஹீலிங் போஷன் எப்போதும் விற்பார்கள், அதற்கே முன்னுரிமை. தேவையில்லாத ஆயுதம், கவசங்களை இங்கே விற்றுவிடலாம். பதினொன்றாம் தளத்தில் அடுத்த கடை.

ஆறு முதல் பத்து வரையிலான சிறைத் தளங்களில் பழகிய பாடம் அப்படியே செல்லும், புதிதாகச் சிலது மட்டும். எலும்புக்கூடு சாகும்போது வெடித்துச் சிதறும், குறைந்த ஹெச்பியோடு அதை அடித்து முடிக்காதீர்கள், கல்லெறிந்து முடியுங்கள். திருடன் பொருளைப் பறித்துக்கொண்டு ஓடுவான், துரத்திப் பிடித்துக் கொன்றால் திரும்பக் கிடைக்கும். காவலன் சங்கிலி வீசி உங்களை இழுப்பான். நெக்ரோமான்சர் எலும்புக்கூட்டை எழுப்பிக்கொண்டே இருப்பான், எலும்பை விட்டு அவனை அடியுங்கள். ஏழு முதல் ஒன்பதுக்குள் ஒரு கிழவர் கேட்கும் பொருளைக் கொடுத்தால் இரண்டு மந்திரக்கோல்களில் ஒன்று உங்களுக்கு.

பத்தாம் தளத்தில் டெங்கூ என்ற பெரிய எதிரி. தூரத்தில் நின்றால் அவன் குறி நன்றாக விழும், பக்கத்தில் நின்றால் அவன் தடுமாறுவான், ஆக எப்போதும் அவனை ஒட்டியே இருக்கப் பாருங்கள். ஆனால் அடிபட்டதும் அவன் வேறிடத்துக்குத் தாவுவான், நேர்கோட்டில் அவனை நோக்கிப் பாய்ந்தால் இடையிலுள்ள பொறிகள் உங்களைத் தின்றுவிடும். ஒவ்வொரு கட்டமாகத் தட்டி நகருங்கள். பாதி ஹெச்பி போனதும் சண்டையின் பாணியே மாறும், குண்டு, நெருப்பு, மின்பொறி என்று எறிவான். குண்டைச் சுற்றிப் புகை தெரியும் வட்டத்திலிருந்து வெளியே வருவதுதான் அப்போது முதல் வேலை, அடிப்பது அப்புறம்.

அவனை வீழ்த்தினால் கிடைக்கும் முகமூடியில் பெர்சர்க்கரா கிளாடியேட்டரா என்று வாரியரின் அடுத்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவசத்தில் அப்கிரேடைப் போட்டு வந்தவருக்கு பெர்சர்க்கர் பொருந்தும்.

12. செத்துவிட்டால்

உடனே புது ஆட்டத்தைத் தட்டாதீர்கள். செத்த திரையிலேயே பையைத் திறந்தால் சாகும்போது அதில் என்னென்ன இருந்தது என்று காட்டும். குடுவையில் எத்தனை துளி, படிக்காத ஸ்க்ரோல் எத்தனை, எறியாத போஷன் எத்தனை என்று பாருங்கள். அவற்றில் எதைக் கடைசி ஐந்து டர்னுக்குள் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஒன்றையாவது கண்டுபிடித்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். தம்பி இப்போது செத்தால் முதலில் திறப்பது அந்தப் பையைத்தான். போன வாரம் பதினான்காம் தளத்தில் செத்தான், பையில் குடுவை காலியாக இருந்தது.